வறுமை 2.2 சதவீதம், பின்தங்கல் எத்தனை தலைமுறை? சேலத்தையும் சேர்வராயன் மலையையும் வைத்து ஒரு விளக்கம்

நிதி ஆயோக் 2023 ஜூலையில் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த எண் 2.20. நூறு பேரில் இரண்டு பேரைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். 2015-16இல் இது 4.76 ஆக இருந்தது. 2019-21இல் இந்திய அளவு 14.96. இதைப் படித்த பலர் கேட்பது நியாயமான கேள்வி: வறுமை இவ்வளவு குறைந்துவிட்டதென்றால் காலை உணவுத் திட்டம் எதற்கு, மாதம் 1,000 ரூபாய் எதற்கு, இன்னும் எத்தனை காலத்துக்குச் சலுகை? மறுபக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. சத்துணவு, இலவசப் பாடநூல், பஸ் பாஸ், இடஒதுக்கீடு எல்லாம் இத்தனை வருடமாக இருந்தும் சேலத்துக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளியின் மகன் ஏன் பட்டறைக்கே போகிறான்? காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணின் மகள் ஏன் பதினெட்டு நிறையும் முன்பே தாலி கட்டிக்கொள்கிறாள்?

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. வறுமையை நாம் ஒரு குறிப்பிட்ட நாளில் அளக்கிறோம். அது பிள்ளைகள் மேல் வேலை செய்வதோ வருடக்கணக்கில். எவ்வளவு குறை என்பதைவிட எந்த வயதில் அந்தக் குறை வந்தது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அளவுகோலில் வயதுக்கு இடமில்லை, அதனால்தான் குழப்பம்.

அந்த 2.2 எதை அளக்கிறது?

நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என மூன்று பிரிவுகள். அவற்றுக்குள் 12 குறியீடுகள். ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, கர்ப்பகாலப் பராமரிப்பு, பள்ளி ஆண்டுகள், பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. ஒரு வீட்டின் குறைகளைக் கூட்டினால் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கையாவது தொட வேண்டும். தொட்டால் அந்த வீட்டில் இருப்பவர்கள் ஏழைகள்; தொடாவிட்டால் இல்லை.

விவரத்துக்குள் போனால் விஷயம் விளங்கும். வீட்டில் 10 வயதைத் தாண்டிய யாராவது ஒருவர் ஆறு வருடம் பள்ளியில் படித்திருந்தால் 'பள்ளி ஆண்டுகள்' குறியீட்டில் அந்த வீட்டுக்குக் குறையே கிடையாது. 'பள்ளி வருகை' என்பது எட்டாம் வகுப்பு முடிக்கும் வயது வரைதான். ஒன்பதாம் வகுப்போடு நின்று நூல் மில்லுக்குப் போன பெண் இந்தக் கணக்கில் விழமாட்டாள். கடன் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள்; அதில் இருப்பது யார் பணம் என்று கேட்கமாட்டார்கள்.

அளவுகோலைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கூரையும் மின்சாரமும் கழிப்பறையும் இல்லாத வீடுகள் எங்கே அதிகம் என்று மாநிலங்களை ஒப்பிட அது நல்ல கருவி. தமிழ்நாட்டில் அந்த அடிப்படைகள் பெருமளவு கிடைத்துவிட்டன என்பதும் உண்மை. அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆனால் அந்த 2.20 எந்தத் தரவிலிருந்து கணக்கிடப்பட்டதோ, அதே ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு வேறு சிலவற்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே கணக்கெடுப்பு, அதே வீடுகள். ஒரு பக்கம் 2.2, இன்னொரு பக்கம் 25, 57. இந்த இடைவெளியில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது.

பின்தங்கல் என்று எதைச் சொல்கிறோம்?

வறுமை என்றால் கையில் இன்று போதாமை. சமூகப் பின்தங்கல் என்பது அதைவிட அகலமானது: சாதி, பெண்ணாகப் பிறந்தது, வசிக்கும் இடம், பெற்றோரின் படிப்பு, வேலையின் தன்மை, கையில் இருக்கும் ஆவணங்கள் ஆகியவற்றால் ஒரு குடும்பத்துக்கு வாய்ப்புகள் தொடர்ந்து குறைந்துகொண்டே போவது. ஒரு மாதம் நல்ல கூலி கிடைத்தால் வறுமை விலகலாம்; பின்தங்கல் அப்படி விலகாது. ஒரு குழந்தை மேல் அதன் பாதிப்பை மூன்று கேள்விகள் முடிவுசெய்கின்றன.

1. எந்த வயதில் வந்தது?
2. எத்தனை காலம் நீடித்தது?
3. எத்தனை குறைகள் ஒன்றாக வந்தன?

முதல் கேள்விக்கு அம்மாபேட்டையிலோ இளம்பிள்ளையிலோ தறி ஓட்டுபவருக்கு விளக்கமே தேவையில்லை. குறுக்கே ஓடும் ஊடையில் ஓர் இழை விட்டுப்போனால் அந்த ஒரு வரியோடு போகும். நெடுக்கே ஓடும் பாவில் விட்டுப்போனால் சேலையின் நீளம் முழுக்க அந்தக் கோடு ஓடும். முதல் இரண்டு வயதுக்குள் ஏற்படும் குறை பாவில் விட்ட இழை.

குழந்தை பிறக்கும் முன்பே தொடங்குவது

கருவுற்ற நாள் தொட்டு இரண்டாம் பிறந்தநாள் வரை ஏறக்குறைய 1,000 நாட்கள்: வயிற்றில் 270, வெளியே 730. மூளையின் அடிப்படை வளர்ச்சியில் பெரும்பகுதி இந்தக் காலத்தில் நடக்கிறது. உயரத்தில் ஏற்படும் பின்னடைவும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் ஏற்படுகிறது. பிறகு எவ்வளவு ஊட்டினாலும் முழுதாக ஈடுகட்டுவது கடினம். 'குள்ளம்' என்பது இங்கே ஓர் அடையாளம் மட்டும். உயரம் குறைந்த அதே காரணத்தால் மற்ற வளர்ச்சியும் குறைந்திருக்கலாம் என்பதற்காகவே மருத்துவர்கள் அதை அளக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களின் பழைய பிரசவப் பதிவேடுகளை டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் 1980களில் தேடி எடுத்தார். பிறக்கும்போது எடை குறைவாக இருந்தவர்கள் நடுவயதுக்குப் பிறகு இதயநோயால் இறப்பது அதிகமாக இருந்தது. புணேயில் சித்தரஞ்சன் யாக்னிக் 1990களில் தொடங்கிய ஆய்வு நம் நாட்டு நிலையைக் காட்டியது: நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கிறார்கள், ஆனால் குறைந்தது தசை, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள் கொழுப்பின் பங்கு அதிகம். அந்தக் குழந்தை பிற்காலத்தில் அரிசிச் சோறும் உட்கார்ந்த வேலையுமாக வாழும்போது சர்க்கரை நோய் முன்கூட்டியே வருகிறது. ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளியின் மாத்திரைச் செலவுக்கும் அவருடைய தாயார் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் முதலில் நம்பத்தான் முடியாது.

தலைமுறைக் கணக்கு இங்கே தொடங்குகிறது. ரத்தசோகை உள்ள பெண், வளர்ச்சி முடியாத உடலோடு கருத்தரிக்கிறாள். வளரும் உடலும் கருவும் ஒரே சத்துக்குப் போட்டியிடுகின்றன. குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறது. அது பெண் குழந்தையாக இருந்தால், அவள் தாயாகும்போது இதே கதை ஒரு படி கீழிருந்து தொடங்கும். ஐந்தாவது குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 நிறையும் முன் மணம் முடித்தவர்கள். இதை வெறும் சட்ட மீறலாக மட்டும் பார்க்கும்போது அடுத்த தலைமுறையின் உடல் கண்ணில் படுவதில்லை.

சேலத்துக்கு இதில் தனிக் கசப்பு உண்டு. பெண் சிசுக்கொலை காரணமாகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கப்பட்டது இந்த மாவட்டத்தில்தான். பெண் என்பதே பிறக்கும் முன் ஒரு பின்தங்கலாக இருந்த ஊரில், பிழைத்து வளர்ந்த பெண்ணின் தட்டில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

உதவி இல்லாமல் இல்லை. முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய்: 14,000 ரொக்கம், 4,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஆனால் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே பதிந்து பிக்மி எண் என்ற பதிவு எண் வாங்க வேண்டும்; தவணைகள் அதன்படி வரும். ஊரோடு இருப்பவருக்கு இது எளிது. மூன்றாம் மாதத்தில் செங்கல் சூளையிலோ வெளிமாநிலத் தோட்டத்திலோ இருப்பவருக்குப் பதிவு தள்ளிப்போகும், பெட்டகமும் தள்ளிப்போகும். பணம் ஒருவேளை பிற்பாடு வந்து சேரலாம். அதற்குள் 1,000 நாட்களில் நூறு போயிருக்கும்.

வீட்டுக்குள் நடப்பது: மனசின் கொள்ளளவு

"அவங்களுக்குப் பொறுப்பு இல்லை, திட்டமிடத் தெரியாது" என்பது ஏழைக் குடும்பங்களைப் பற்றி எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம். இதைச் சோதித்த ஆய்வு ஒன்று நம் பக்கத்து மாவட்டங்களில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் அறிவுத்திறன் பயிற்சிகளைச் செய்ய வைத்தார்கள். 2013இல் முடிவுகள் வெளியாயின. கரும்புப் பணம் ஒரே தடவையாக வரும். அதனால் அறுவடைக்கு முன் அடகுச் சீட்டு, பின் கையில் காசு. அதே ஆள், அதே மூளை. ஆனால் பணமுடைக் காலத்தில் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. ஆய்வுமுறை பற்றி விவாதம் உண்டு. என்றாலும் 'பொறுப்பில்லாததால் ஏழை' என்ற வரிசை தலைகீழாகவும் இருக்கலாம் என்பதை அது காட்டியது. நாளைத் தவணைக்கு எங்கே போவது என்று கணக்குப் போடும் மனசுக்குப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் மிச்சம் செலுத்தக் கவனம் இருப்பதில்லை.

குழந்தைக்கு இது வேறு விதமாகப் போய்ச் சேர்கிறது. அடிக்கடி சண்டை, குடி, கடன்காரர் வாசலில் நின்று கத்துவது, வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பது: இவற்றில் ஒன்று எப்போதாவது வந்தால் குழந்தை தாங்கும். பலவும் சேர்ந்து வருடக்கணக்கில் நீடித்தால் உடலின் பதற்ற ஏற்பாடு ஓய்வில்லாமல் இயங்குகிறது. தூக்கம், நினைவாற்றல், கோபத்தை அடக்குவது எல்லாம் பாதிக்கப்படும். அமெரிக்காவின் சான் டியேகோவில் ஃபெலிட்டி, அண்டா ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதுத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பெரியவயது நோய்களும் கூடின. அந்த ஆய்வில் பெரும்பாலோர் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. துன்பம் ஏழைகளுக்கு மட்டும் வருவதில்லை. அவர்களுக்கு அது தனியாக வருவதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இவையெல்லாம் ஆபத்தின் அளவு, தலைவிதி இல்லை.

முன்பணம்: கடன் எப்படிப் பிள்ளைக்குப் போகிறது?

சேலத்தில் பின்தங்கல் தலைமுறை தாண்டுவதற்கு மிக நேரடியான வழி இதுதான். கொலுசுப் பட்டறை, விசைத்தறி, செங்கல் சூளை எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு: வேலைக்குச் சேரும்போது முதலாளி ஒரு தொகை கொடுப்பார், அது கூலியில் கழியும். கேட்க உதவி மாதிரித்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

1. முன்பணம் 50,000 ரூபாய். வாரக் கூலி 4,000. பிடித்தம் வாரம் 500. எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால் 100 வாரத்தில், அதாவது இரண்டு வருடத்தில் தீரும்.

2. இரண்டு வருடத்தில் தடங்கல் வராமலா இருக்கும்? வெள்ளி விலை ஏறினால் கடைக்காரர் ஆர்டரைக் குறைப்பார், பட்டறைக்கு வேலை குறையும். மந்தமான மாதத்தில் கூலி பாதி. வீட்டில் ஒரு பிரசவம் அல்லது ஒரு காய்ச்சல். மறுபடி 15,000 வாங்கியாக வேண்டும். பட்டறைக்காரரைத் தவிர வேறு யார் கொடுப்பார்?

3. பாக்கி இருக்கும் வரை வேறு பட்டறையில் கூலி அதிகம் என்றாலும் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதிய முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். கடன் அப்படியே இருக்கும், கடன்காரர்தான் மாறுவார். கூலியைப் பேரம் பேசும் பலம் தொழிலாளிக்கு இங்கேதான் போய்விடுகிறது.

4. நாற்பதைத் தாண்டும்போது பற்றவைப்புப் புகையிலும் மெருகு போடும் தூசியிலும் மூச்சும் கண்ணும் தளரும். வேகம் குறையும், கூலி குறையும், பாக்கி குறையாது. பதினைந்து வயது மகன் "ஒரு வருஷம் வந்து கை கொடுக்கட்டும்" என்று பேச்சு எழும். அந்த ஒரு வருடம் பத்தாம் வகுப்பு.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் இதைத் தெளிவாகப் பேசுகிறது. முன்பணம் காரணமாக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை ஒருவர் இழந்தால் அது கொத்தடிமை. சங்கிலியோ பூட்டிய கதவோ தேவையில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் சொன்னது. ஆனால் பட்டறைத் தெருவில் யாரும் இதைக் கொத்தடிமை என்று சொல்லமாட்டார்கள், 'பாக்கி' என்பார்கள்.

முன்பு இந்த முன்பணம் குழந்தையின் பெயரிலேயே வாங்கப்பட்டது. இந்தியாவில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996இல் வெளியிட்ட அறிக்கையில் சேலத்து வெள்ளித் தொழிலும் இடம்பெற்றது. அந்த நிலை இன்று பெருமளவு மாறியிருக்கிறது. பள்ளிச் சேர்க்கை, சோதனைகள், மக்களின் எண்ணம் எல்லாம் சேர்ந்து மாற்றின. மிச்சமிருப்பது சட்டத்தின் ஒரு சந்து. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லா வேலையிலும் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டது. பட்டறை வேலையில் ஒரு பகுதி வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஊரில் குடும்பத் தொழில் எங்கே முடிந்து கூலி வேலை எங்கே தொடங்குகிறது? சாயந்திரம் சலங்கை கோக்கும் பிள்ளை, தறிக்குத் தார் (ஊடை நூல் கண்டு) சுற்றும் பிள்ளை பள்ளிப் பதிவேட்டில் தினமும் ஆஜர். படிக்கும் நேரம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இதற்கு ஈடாக மில் இருந்தது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதுவே கல்யாணச் செலவு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளுக்கு ஆள் எடுத்தது இப்படித்தான். கடன் வாங்காமல் மகளைக் கரையேற்றும் வழியாகப் பெற்றோர் அதைப் பார்த்தார்கள். அவர்களுடைய கணக்கில் தவறில்லை. மகளின் 15 முதல் 18 வயதுக்கு அந்தக் கணக்கில் விலை போடப்படவில்லை.

மலைமேல் ஒரு கூடுதல் அடுக்கு

சேர்வராயன் மலையில் காப்பி 1820களில் வந்தது. கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே சாமையும் தினையும் விதைத்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசுபவர்கள், பட்டியல் பழங்குடியினர். ஏற்காட்டில் நல்ல பள்ளிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சேக்ரட் ஹார்ட் 1894இலும் மான்ட்ஃபோர்ட் 1917இலும் தொடங்கியவை. வெளியூர், வெளிமாநிலப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அதே மலையில் மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிதான் வழி. ஒரே மலை, ஒரே பனி. ஆக, தூரம் மட்டும் காரணமென்றால் இரண்டு கூட்டமும் ஒன்றாகத்தான் பின்தங்கியிருக்க வேண்டும். மலைக் குடும்பங்களை இழுத்துப் பிடிப்பவை வேறு.

1. *பருவம்.* காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கும். அதைத் தொடர்ந்து மிளகு. சொந்த மலையில் வேலை போதாதவர்கள் குடகுக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் போகிறார்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், பொதுத் தேர்வு மார்ச்சில். குடும்பத்துக்கு வருமானம் வரும் மாதங்களும் பிள்ளைக்குப் பள்ளி முக்கியமாகும் மாதங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பெரிய பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் தம்பி தங்கையைப் பார்ப்பது அந்தப் பிள்ளையின் வேலை. கூட்டிப்போனால் மூன்று மாதப் பாடம் போச்சு.

2. *காகிதம்.* மற்ற வகுப்பினருக்குச் சாதிச் சான்றை வட்டாட்சியர் நிலையிலேயே வாங்கலாம். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் நிலையில். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த கண்டிப்பு, உண்மையான பழங்குடிக்கே அதிக அலைச்சலாகிவிட்டது. பாட்டனாருக்குச் சான்று இல்லை என்றால் பேரனுக்குச் சந்தேகம். மலையிறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. உதவித்தொகை, விடுதி, கல்லூரி இடம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தாள் வேண்டும். தேவைப்படும் வயதோ 17.

3. *நிலம்.* வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. பத்து வருடம் என்பது ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பு முடிக்கும் காலம். பட்டா இல்லாத நிலத்தின் பேரில் வங்கிக் கடன் கிடைக்காது. கிடைக்காதவர் வட்டிக்காரரிடமோ தோட்ட முன்பணத்திடமோ போவார்.

பட்டம் வாங்கிய பிறகும் ஏன்?

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 2021-22 கணக்கில் 47 சதவீதம், இந்தியா 28.4. நடைமுறையில் இதன் பொருள், சேலத்தில் எண்ணற்ற வீடுகளில் இப்போது முதல் பட்டதாரி உட்கார்ந்திருக்கிறார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், முதல் பட்டதாரியின் முதல் பத்து வருடச் சம்பளம் அவருடையதல்ல. பழைய பாக்கி, தங்கை கல்யாணம், அப்பாவின் மருத்துவம், ஒழுகும் கூரை எல்லாம் அதன்மேல் எழுதி வைத்திருக்கிறது. அதே கல்லூரியில் அதே மதிப்பெண் வாங்கிய நடுத்தர வீட்டுப் பையன் அந்தப் பத்து வருடத்தில் வீட்டுமனைக்கு முன்பணம் கட்டியிருப்பான். இருவருக்கும் சம்பளம் ஒன்று, சேமிப்பு வேறு. அடுத்த தலைமுறை தொடங்கும் இடம் வேறு.

பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே. நிதிக் காரணம் புரிகிறது. ஆனால் அண்ணன் அதைப் பயன்படுத்திய வீட்டில் தங்கைக்கு அது இல்லை. அண்ணன் அரியரோடு நின்றால் சலுகையும் போய், வீட்டின் ஒரே துணிச்சலும் போய்விடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாயைத் தனித்தனியே மாணவிக்குக் கொடுப்பதால் இந்த இடத்தில் நன்றாக வடிவமைக்கப்பட்டது என்பது என் கருத்து.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2018இல் ஒரு தோராயக் கணக்குப் போட்டது. குறைந்த வருமானக் குடும்பத்தின் வாரிசுகள் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட டென்மார்க்கில் 2 தலைமுறை, அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 4.5, இந்தியாவில் 7. வருமானத் தரவு பலவீனமான நாட்டுக்கான எண் இது, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. சலுகை தொடங்கி இரண்டு தலைமுறை ஆகிவிட்டதே என்பவர்களுக்கு ஒரு அளவு தெரிவதற்காகச் சொல்கிறேன்.

"கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள், சேலத்தில் நிறையவே. அவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வயதில் குறுக்கே வந்த ஒரு குறிப்பிட்ட உதவி தெரியும்: விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்த ஆசிரியர், பத்தாம் வகுப்பு முடியும் வரை பாக்கியைக் கேட்காத முதலாளி, பட்டணத்தில் இருந்த மாமா. உழைப்பு மேலே வந்தவரிடமும் இருந்தது, வராதவரிடமும் இருந்தது. உரிய நேரத்தில் வந்த மாமா மேலே வந்தவருக்கு மட்டும் இருந்தார்.

எப்போது தலையிட்டால் பலன்?

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் தொடங்கிய ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. உயரம் குறைந்த 129 குழந்தைகள், வயது 9 மாதம் முதல் 2 வயதுக்குள். ஒரு குழுவுக்குச் சத்துணவு. ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு எதுவுமில்லை. இரண்டு வருடத்தோடு எல்லாம் நின்றது. இருபது வருடம் கழித்து, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. இதிலிருந்து சாப்பாடு வேண்டாம் என்று முடிவுகட்டினால் அபத்தம். பசியோடு எந்தக் குழந்தையும் விளையாடாது. அந்த வயதில் சாப்பாடு மட்டும் போதவில்லை என்பதே செய்தி.

இதை வைத்து நம் திட்டங்களை வயதுவாரியாக அடுக்கினால், நன்றாக நிரம்பியிருப்பது பள்ளி வயது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு; மதியம் சத்துணவு. கல்லூரி வயதில் 1,000 ரூபாய். 2 முதல் 5 வயது வரை அங்கன்வாடியில் சோறும் முட்டையும் ஆரம்பக் கல்வியும். அதற்குக் கீழே, பாவு ஓடும் வயதில், இணை உணவு மாவுப் பொட்டலமும் தடுப்பூசியும் எடை பார்ப்பதும்தான் பிரதானம். தாய் காலையில் வேலைக்குப் போய்விட்டால் அந்த ஒன்றரை வயதுக் குழந்தையோடு பகல் முழுக்க இருப்பது யார்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் பத்து வயது அக்கா. அவளுடைய பள்ளியும் சேர்ந்து போகும்.

இந்த இடத்துக்குச் சட்டத்தில் இருப்பது குழந்தைகள் காப்பகம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. பனங்காட்டுக் கொலுசுப் பட்டறையில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். திண்ணையில் சலங்கை கோப்பவருக்கு நிறுவனமே கிடையாது. ஏற்காட்டுச் சிறு தோட்டத்தில் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆள் கூடும், பெரும்பாலும் மேஸ்திரி வழியாக, யார் பதிவேட்டிலும் ஏறாமல். தனித்தனியாக எண்ணினால் எந்த இடமும் 50ஐத் தொடாது. தெருவாகவோ ஊராகவோ சேர்த்து எண்ண அந்தச் சட்டத்தில் வழி இல்லை.